கைதானதைச் சொல்வதா, விடுவதா? சட்டக் கல்லூரிப் படிவமும் நாலு வழிகளும்

"இல்லைன்னு போட்டுட்டுப் போடா, எவன் தோண்டிப் பார்க்கப் போறான்?" சட்டம் படிக்கிற பசங்களுக்கு அதிகம் கிடைக்கிற இலவச ஆலோசனை இதுதான். சொல்வது பெரும்பாலும் சித்தப்பா, இல்லாவிட்டால் ஒரு வருஷம் சீனியர். போன மாதம் என் ஆபீசுக்கு வந்த பையனுக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மூன்று வருட சட்டப் படிப்பில் கடைசி செமஸ்டர். வழக்கு ஏதாவது உண்டா என்று கேட்டுக் கல்லூரியில் கொடுத்த உறுதிமொழிப் படிவத்தை நாலாக மடித்து சட்டைப்பையில் வைத்திருந்தான், வெளியே எடுக்கும்போது மடிப்பெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. "அண்ணே, 2022ல ஊர்ல டாஸ்மாக் கடையை எடுக்கச் சொல்லி மறியல் பண்ணோம். மண்டபத்துல வெச்சிருந்துட்டு சாயங்காலம் விட்டுட்டாங்க. அது கைதா?"

சொல்வதா வேண்டாமா என்பதைவிட இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும், ஆனால் முக்கால்வாசிப் பேர் இதைக் கேட்பதே இல்லை. நம் ஊரில் மறியல், ஆர்ப்பாட்டம் என்றால் நடப்பது என்ன? வேனில் ஏற்றுவார்கள், பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைப்பார்கள், மத்தியானம் சாம்பார் சாதமோ புளியோதரையோ பொட்டலமாக வரும், ஒரு ஏட்டையா நோட்டுப் புத்தகத்தில் பெயர், அப்பா பெயர், வயசு, ஊர், செல் நம்பர் எழுதிக்கொள்வார், ஆறு மணிக்கு "கிளம்புங்கப்பா" என்பார். அத்தோடு முடிந்தது என்று நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். ஸ்டேஷனில் அது இரண்டு விதமாக முடிந்திருக்கலாம். ஒன்று, வெறும் முன்னெச்சரிக்கைக் கைது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 151ஆவது பிரிவு, இப்போதைய பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 170. குற்றம் நடக்காமல் தடுக்கப் பிடித்து வைப்பது, 24 மணி நேரத்துக்கு மேல் அந்தப் பிரிவை மட்டும் காட்டி வைத்திருக்க முடியாது. இரண்டாவது, அன்று ராத்திரியே அந்த நோட்டுப் பெயர்களை வைத்து ஒரு எஃப்ஐஆர் போட்டிருப்பார்கள்: இந்திய தண்டனைச் சட்டத்தில் (இதச) சட்டவிரோதமாகக் கூடியதற்கு 143, வழியை மறித்ததற்கு 341, அரசு அதிகாரியின் உத்தரவை மீறியதற்கு 188. 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்ததென்றால் அதே குற்றங்கள் இதசவுக்குப் பதில் வந்த பிஎன்எஸ் சட்டத்தில் 189(2), 126(2), 223. முதல் வகையில் கோர்ட்டுக்கு எதுவும் போகாது. இரண்டாவதில் உங்கள் பெயர் ஏழாவது எதிரியாகவோ இருபதாவது எதிரியாகவோ ஒரு காகிதத்தில் உட்கார்ந்திருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எனக்கும் அப்படித்தான் தெரியாமல் இருந்தது. 2017 ஜனவரியில் நான் காலேஜ் கடைசி வருஷம். மதுரையில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். 23ஆம் தேதி போலீஸ் கலைத்தபோது வேனில் ஏறியவர்களில் நானும் ஒருவன். வீட்டில் அம்மா திட்டியதோடு சரி என்று நினைத்தேன். அடுத்த வருஷம் சட்டம் சேரும்போது படிவத்தில் "உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா" என்று இருந்தது, இல்லை என்று டிக் அடித்தேன், பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். 2021இல் படிப்பு முடிந்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய ஆவணங்களை எடுத்து வைக்கும்போதுதான், அன்று என்னோடு வேனில் இருந்த நண்பன் ஒருவன் பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனில் மாட்டி, எஃப்ஐஆர் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதில் என் பெயரும் இருக்கிறது. எனக்கு அப்போது 20 வயசு, 23 என்று போட்டிருந்தார்கள். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாத்தா பெயர். ஊரும் தெருவும் மட்டும் அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது.

"வயசு தப்பு, அப்பா பெயர் தப்பு, அது நான் இல்லைன்னு சொல்லிடலாம்ல?" என்று என் சீனியரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "வக்கீலா சேர்றதுக்கு முன்னாடியே முதல் பொய்யா?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தப் பையன் முன்னால் இருந்த வழிகள் நாலு. ஒன்று, இல்லை என்று போட்டுவிடுவது. இரண்டு, கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் பதில். மூன்று, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஆதியோடந்தமாகக் கொட்டிவிடுவது. நாலு, முதலில் வழக்கை முடித்துவிட்டு அப்புறம் படிவத்தைத் தொடுவது. எனக்கு இதில் பிடித்தது எது என்று மறைக்கப் போவதில்லை. இரண்டாவதும் நாலாவதும் சேர்ந்த கலவைதான். ஆனால் முதல் வழி ஏன் இவ்வளவு பிரபலம் என்று பார்க்காமல் அதை ஒதுக்க முடியாது.

மறைக்கலாம் என்று சொல்கிறவர்களிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர்கள் காலத்தில் எஃப்ஐஆர் என்பது ஸ்டேஷன் பீரோவில் கட்டிவைத்த காகிதம். வேறு மாவட்டத்துக் கல்லூரிக்கு அது தெரிய வழியே இல்லை. இன்றைக்கு அப்படியில்லை. எஃப்ஐஆரை 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவு போட்டாயிற்று, பாலியல் குற்றம், தீவிரவாதம் மாதிரியான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. ஸ்டேஷன்களைக் கணினியில் இணைக்கிற சிசிடிஎன்எஸ் வலையமைப்பு வந்தாயிற்று. இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் உங்கள் வழக்கு எந்த மாஜிஸ்திரேட் முன்னால் எத்தனையாவது வாய்தாவில் நிற்கிறது என்பதை உங்கள் மாமியார் வீட்டுக்காரர்களே பார்க்கலாம். பார்க்கிறார்கள்.

அதோடு, சட்டம் படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு கதவு வைத்துவிட்டார்கள். இந்திய பார் கவுன்சில் 2024 செப்டம்பர் 24 தேதியிட்டு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கடைசி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் கொடுப்பதற்கு முன்னால், நடப்பில் உள்ள எஃப்ஐஆர், குற்ற வழக்கு, தண்டனை, விடுதலை எதுவானாலும் மாணவர் எழுதித் தர வேண்டும், கல்லூரி அதைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து அதன் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும், மறைத்தால் பட்டமும் மதிப்பெண் பட்டியலும் நிறுத்தி வைக்கப்படலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கவனியுங்கள், விடுதலையானாலும் எழுத வேண்டும். 'நான்தான் ஜெயிச்சிட்டேனே, எதுக்குச் சொல்லணும்' என்ற வாதம் இந்தப் படிவத்தில் எடுபடாது. இது மாணவர்களை ஆரம்பத்திலேயே சந்தேகக் கண்ணோடு பார்க்கிற ஏற்பாடு என்பது என் சொந்த அபிப்பிராயம், ஆனால் என் அபிப்பிராயத்தை வைத்துப் படிவத்தை நிரப்ப முடியாதே.

மறைப்பதில் இருக்கிற பெரிய ஆபத்து இன்றைக்கு மாட்டுவதில்லை. பத்து வருஷம் கழித்து மாட்டுவது. வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன் 26ஆவது பிரிவைப் பாருங்கள். முக்கியமான ஒரு விஷயத்தைத் தவறாகச் சொல்லி ஒருவர் பதிவு பெற்றிருந்தால், இந்திய பார் கவுன்சில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். இத்தனை வருஷத்துக்குள் என்று அதில் கெடு இல்லை. நீங்கள் பிராக்டிஸில் வளர்ந்து, வழக்கில் எதிர்த்தரப்புக்காரர் யாரோ ஒருவருக்கு உங்கள்மேல் கடுப்பு வந்து, அவர் உங்கள் பழைய எஃப்ஐஆரைத் தேடி எடுக்கிற அன்றைக்கு அது பழைய மறியல் வழக்கு இல்லை, நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட பொய். மறியல் வழக்குக்காக யாரும் உங்களை நீக்க முடியாது, பொய்க்காக நீக்கலாம். அதே சட்டத்தின் 24ஏ பிரிவு பதிவைத் தடுப்பதெல்லாம் ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் தண்டனை பெற்றவர், ஒழுக்கக்கேடான குற்றச்சாட்டில் அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் ஆகியோரைத்தான், அதுவும் விடுதலையாகியோ வேலை போயோ இரண்டு வருஷம் ஆகும் வரை. சாலையில் உட்கார்ந்தவன் இந்தப் பட்டியலிலேயே வரமாட்டான். அவனே பொய் சொல்லி உள்ளே நுழைய வேண்டிய அவசியம் என்ன?

இங்கே அவதார் சிங் வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2016இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பு. வேலைக்கு எடுப்பவர்களைப் பற்றியது, கல்லூரிகளைப் பற்றியதில்லை, இருந்தாலும் இந்தக் கேள்வி எங்கே வந்தாலும் இதைத்தான் எடுத்துப் படிக்கிறார்கள். அதுவரை ஒரு பெஞ்ச் "சின்ன வயசு, விடுங்கள்" என்றது, இன்னொரு பெஞ்ச் "மறைத்தாயா, கிளம்பு" என்றது. டெல்லி போலீஸ் ஹெட் கான்ஸ்டபிள் வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர், சமரசமாகிப் போன ஒரு அடிதடி வழக்கை மறைத்ததை, இளமையில் செய்த தவறு என்று 2011இல் உச்ச நீதிமன்றம் மன்னித்தது. அதை மட்டும் படித்துவிட்டு வந்து வாதாடுகிறவர்கள் உண்டு. அவதார் சிங் தீர்ப்பு இரண்டையும் ஒழுங்குபடுத்தியது. சொல்லும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். சின்ன வயசில் கோஷம் போட்டது மாதிரி அற்பமான வழக்கு என்றால் மறைத்திருந்தாலும் வேலை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ளலாம், 'லாம்'தான், கட்டாயமில்லை. உண்மையைச் சொன்னாலும் பின்னணியைப் பார்த்து முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு. வழக்கு இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் மறைத்த குற்றம். அப்புறம் எனக்குப் பிடித்த வரி: படிவம் குறிப்பாக என்ன கேட்கிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும், மொட்டையாகக் கேட்டுவிட்டு "நீ சொல்லவில்லை" என்று பிடிக்க முடியாது.

இரண்டாவது வழியே அந்த வரியில்தான் நிற்கிறது. கேள்வியை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். 'கைது', 'எஃப்ஐஆர்', 'வழக்கு நிலுவை', 'குற்றப்பத்திரிகை', 'தண்டனை' ஐந்தும் ஐந்து வேறு விஷயங்கள், பேச்சில்தான் எல்லாவற்றையும் 'கேஸ்' என்று ஒரே சட்டியில் போடுகிறோம். என்னிடம் வந்த பையனையே எடுத்துக்கொள்வோம். அவன் பெயரில் எஃப்ஐஆர் இருக்கிறது, குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. கல்லூரியின் உறுதிமொழிப் படிவம் எஃப்ஐஆரைக் கேட்கிறது, பதில் ஆம். தண்டனை உண்டா என்றால், இல்லை. பாஸ்போர்ட் படிவம் கோர்ட்டில் நிலுவையில் உள்ள குற்ற நடவடிக்கையைக் கேட்கிறது, கோர்ட் இன்னும் கோப்பில் எடுக்காத நிலையில் அங்கே இல்லை என்பதுதான் சரி. நாளைக்கு அவன் எல்எல்எம் படிக்க அமெரிக்கா போக விசாவுக்கு விண்ணப்பித்தால், டிஎஸ்-160 படிவம் கேட்பது எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, தண்டனை பெற்றிருக்கிறீர்களா, மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லுங்கள் என்று. அங்கே ஆம் என்று போட்டு இரண்டு வரி விளக்கம் எழுதச் சொல்வேன், வழக்கு ரத்தாகிப் போயிருந்தாலும். ஒரே மறியல், ஒரே மண்டபம், படிவத்துக்குப் படிவம் பதில் மாறுகிறது. எல்லாமே உண்மை. இது சாமர்த்தியம் என்று நினைக்காதீர்கள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது, அவ்வளவுதான்.

இந்த வழியில் ஒரு கஷ்டம் உண்டு. உங்கள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்கே துல்லியமாகத் தெரிய வேண்டும். பெயரை இணையத்தில் தேடுவதோடு நிறுத்தாதீர்கள், பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் வராது. ஸ்டேஷன் பெயர், வருஷம், தேதி வைத்துத் தேடுங்கள். எஃப்ஐஆரில் பத்துப் பேர் பெயரை எழுதிவிட்டு "மற்றும் பலர்" என்று விட்டிருந்தால், அந்தப் பலரில் நீங்கள் பின்னால் சேர்க்கப்பட்டீர்களா என்று குற்றப்பத்திரிகையில்தான் தெரியும். கூச்சப்படாமல் ஒரு வக்கீலை வைத்துக் கோர்ட்டில் காப்பி அப்ளிகேஷன் போட்டுச் சான்றிட்ட நகலை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போய் "சார், என் பேர்ல கேஸ் இருக்கா" என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை, தூங்குகிற கோப்பை நாமே போய் எழுப்பின மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது வழிக்காரர்கள் நல்லவர்கள். அதனாலேயே கஷ்டப்படுகிறார்கள். தண்டனை உண்டா என்று கேட்ட இடத்தில், 2022இல் நடந்தது, அதற்கு முன் 2019இல் டிராஃபிக் போலீஸோடு வாக்குவாதம், பதினாறு வயசில் கிரிக்கெட் தகராறில் ஸ்டேஷனில் உட்கார்ந்தது என்று மூன்று பக்கம் எழுதித் தருவார்கள். படிக்கிற குமாஸ்தாவுக்கு உங்கள் மனசாட்சி தெரியாது, காகிதத்தில் 'போலீஸ்' என்ற வார்த்தை எத்தனை முறை வருகிறது என்பதுதான் தெரியும். கோப்பு தனியாக எடுத்து வைக்கப்படும். அப்புறம் அதை நகர்த்த நீங்கள்தான் நடக்க வேண்டும். இதில் பதினாறு வயசுக் கதையைச் சொல்லவே தேவையில்லை. சிறார் நீதிச் சட்டம், 2015இன் 24ஆவது பிரிவு, சிறாராக இருந்தபோது நடந்த குற்றத்தால் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்கிறது, ஆவணங்களையே அழிக்கச் சொல்கிறது, பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட கொடுங்குற்ற வழக்குகள் மட்டும் விதிவிலக்கு. சட்டமே மறந்துவிடச் சொன்னதை நீங்கள் ஏன் ஞாபகப்படுத்துகிறீர்கள்?

ஆனாலும் மூன்றாவது வழியை முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். எதிரில் இருப்பது நேர்முகத் தேர்வாக இருந்து, வழக்கு கொஞ்சம் கனமானதாக இருந்து, அது எப்படியும் அவர்கள் கைக்கு வந்துவிடும் என்றால், நம் வாயால் முதலில் கேட்பது அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. மகாராஷ்டிராவில் நீதித்துறைப் பணிக்குத் தேர்வான ஒருவர், தன்மேல் இருந்து விடுதலையாகிப் போன பழைய வழக்கைத் தானே சொல்லியிருந்தார். அதைக் காட்டியே பணி மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 2018இல் அவர் பக்கம் நின்று மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அவர் ஒளிக்காமல் சொன்னதும் அங்கே கணக்கில் வந்தது. ஆனால் அவர் தேர்வானது 2009இல். ஒன்பது வருஷம். உண்மையைச் சொன்னால் உடனே கதவு திறந்துவிடும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நாலாவது வழி, முதலில் முடித்துவிடுவது. இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மறியல் மாதிரி வழக்குகளில் சட்டத்தில் இரண்டு நல்ல பிடி இருக்கிறது. ஒன்று காலக்கெடு. ஒரு வருஷம் வரை சிறை விதிக்கக்கூடிய குற்றங்களை ஒரு வருஷத்துக்குள் கோர்ட் கோப்பில் எடுக்க வேண்டும். பழைய நடைமுறைச் சட்டத்தில் 468ஆவது பிரிவு, புதியதில் 514. 143க்கு அதிகபட்சம் ஆறு மாசம், 341க்கு ஒரு மாசம், 188க்கு அதிகபட்சம் ஆறு மாசம், எல்லாம் இந்த வரம்புக்குள் வந்துவிடும். இரண்டாவது பிடி, 188. அந்தப் பிரிவில் சம்பந்தப்பட்ட அரசு அதிகாரியே எழுத்துமூலம் கோர்ட்டில் புகார் தர வேண்டும், போலீஸ் தானே எஃப்ஐஆர் போட்டுக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் ஜீவானந்தம் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டையும் வைத்து உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடலாம், நம் பக்கம் குவாஷ் என்றால்தான் எல்லாருக்கும் புரியும். செலவு உண்டு, சில மாதங்கள் ஆகும், ஆனால் கையில் ஒரு உத்தரவு கிடைக்கும்.

இதைச் செய்யாமல் குறுக்கு வழியில் போகிறவர்கள் பண்ணுவது என்ன தெரியுமா? குற்றப்பத்திரிகை தாக்கலாகி சம்மன் வந்ததும், கோர்ட் வராந்தாவில் யாரோ சொல்வார்கள், "ஒத்துக்கிட்டு ஐந்நூறோ ஆயிரமோ ஃபைன் கட்டிட்டுப் போயிடுங்க தம்பி, எதுக்கு அலையணும்?" கட்டிவிட்டு நிம்மதியாக டீ குடிப்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அதற்குப் பெயர் தண்டனை. அதுவரை 'தண்டனை உண்டா' என்ற கேள்விக்கு இல்லை என்று எழுத முடிந்தவர் அன்று மத்தியானத்திலிருந்து ஆம் என்று எழுத வேண்டும், வாழ்நாள் முழுக்க. பெட்டி கேஸ் என்று அலட்சியமாகச் சொல்கிறோமே, அதிலும் இதே கதைதான். எனக்குத் தெரிந்து படிப்புக்கும் வேலைக்கும் மிகப் பெரிய சேதத்தைச் செய்தது இந்த வராந்தா ஆலோசனைதான், சித்தப்பா ஆலோசனையைவிட மோசம். வழக்கில் உண்மையிலேயே தப்பிக்க வழி இல்லை என்றால்கூட, நன்னடத்தைச் சட்டம், 1958இன் கீழ், தண்டனை விதிக்காமல் விடச் சொல்லிக் கேட்க வக்கீலை வையுங்கள். அப்படி விடப்பட்டவருக்கு 24ஏ தடை பொருந்தாது என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

இன்னொரு ஏமாற்றம், அறிவிப்பை உத்தரவு என்று நினைப்பது. 2021 பிப்ரவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளை வாபஸ் வாங்குவதாக அன்றைய முதல்வர் அறிவித்தார், போலீஸைத் தாக்கியது மாதிரியானவை தவிர. எஃப்ஐஆரில் என் பெயர் இருப்பது தெரிந்த பிறகு அந்த அறிவிப்பைத் தேடிப் படித்துவிட்டு நான் லட்டு வாங்கிக் கொடுத்தேன். அறிவிப்பு வந்தால் வழக்கு போய்விடாது. அரசு வழக்கறிஞர் மாஜிஸ்திரேட் முன்னால் மனு போட வேண்டும், மாஜிஸ்திரேட் சம்மதிக்க வேண்டும், அப்புறம்தான் வாபஸ். பழைய நடைமுறைச் சட்டத்தின் 321ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது, புதியதில் 360. அந்த வருஷம் நான் எத்தனை முறை காப்பி செக்‌ஷன் ஜன்னலில் நின்றேன் என்று கணக்கில்லை. மரச் சட்டம் போட்ட ஜன்னல், கீழே தரையில் கட்டுக் கட்டாகக் கோப்பு, உள்ளே இருந்த அக்கா ஒவ்வொரு முறையும் "நம்பர் என்ன?" என்று முதலிலிருந்து கேட்பார். கடைசியில் உத்தரவு நகல் வந்தது, ஒன்றே கால் பக்கம். அதில் என் வயசு இன்னும் 23தான்.

பதிவு விண்ணப்பத்தில் அதை இணைத்தேன். கூடவே, 2018இல் கல்லூரிப் படிவத்தில் இல்லை என்று எழுதியது ஏன் என்று ஒரு தனிக் கடிதம். இப்படி இரண்டு படிவங்களில் இரண்டு பதில் இருந்தால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள், அவர்கள் கண்டுபிடித்தால் வேறு மாதிரி ஆகிவிடும். நகலுக்காகக் காத்திருந்ததில் என் செட் பசங்களுக்குப் பிறகுதான் கோட்டு போட்டேன், அவ்வளவுதான் நஷ்டம்.

நாலாவது வழியில் இருக்கிற உண்மையான குறை நேரம். படிவத்தின் கடைசித் தேதி உங்கள் குவாஷ் மனுவுக்காக நிற்காது. ஒரு வருஷம் தள்ளிப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு, கொலை முயற்சி, மோசடி, பெண்கள் மீதான குற்றம் மாதிரி கனமான வழக்கு என்றால் தள்ளிப் போடுவதை யோசிக்கலாம், மறியலுக்காக ஒரு வருஷத்தைத் தொலைக்காதீர்கள் என்பேன். சட்டம் முடித்துவிட்டு போலீஸ் வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் மட்டும் கணக்கு வேறு. அங்கே எப்படி விடுதலையானோம் என்பதும் பார்க்கப்படும். சந்தேகத்தின் பலனில் விடுதலையானால்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதலாம் என்கிற தமிழக போலீஸ் விதியைச் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வே 2008இல் மணிகண்டன் வழக்கில் ஏற்றுக்கொண்டது. அதனால் போலீஸ் வேலைக்குப் போக நினைக்கிறவர்கள், சாட்சி வராமல் வழக்கு தானாக முடியட்டும் என்று இருக்கக் கூடாது, குவாஷ்தான்.

இனி அந்தப் பையன் எழுதிய விளக்கம். முதலில் அவன் கொண்டுவந்தது இப்படி இருந்தது: "சமூக அக்கறையுடன், மதுவின் கொடுமையால் வாடும் தாய்மார்களின் கண்ணீரைத் துடைக்கும் நோக்கில் அறவழியில் போராடிய என்மீது காவல்துறை பொய் வழக்கு..." நான் சிரித்துவிட்டேன், அவனுக்கு முகம் வாடிவிட்டது. மேடையில் பேசினால் கைதட்டு விழும், படிவத்தில் வேண்டாம். பொய் வழக்கு என்று எழுதினால் அதை நிரூபிக்கிற வேலையும் சேர்ந்து வரும். மாற்றி எழுதியது: "2022இல் எங்கள் ஊரில் நடந்த சாலை மறியலில் கலந்துகொண்டேன். அன்று கைது செய்யப்பட்டு மாலையில் விடுவிக்கப்பட்டேன். என்மீதும் மற்றவர்கள்மீதும் இதச பிரிவுகள் 143, 341, 188இன் கீழ் எஃப்ஐஆர் பதிவாகியுள்ளது. இன்றுவரை குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. எஃப்ஐஆரை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு தாக்கல் செய்ய உள்ளேன். எஃப்ஐஆர் நகல் இணைப்பில்." ஆறு வாக்கியம். எஃப்ஐஆர் எண், ஸ்டேஷன் பெயர், தேதி எல்லாம் நிரப்பினான். வருத்தப்படுகிறேன் என்று சேர்க்கலாமா என்று கேட்டான். வருத்தமா உனக்கு? "இல்லண்ணே, கடையை மூடிட்டாங்கள்ல." அப்போ எழுதாதே.

அன்று ராத்திரி அவன் அப்பா போன் செய்தார். "என்ன சார், மறைக்கிறதுக்கு வழி கேட்டு அனுப்பினா நீங்களே எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்கீங்க?" அவருக்கு 26ஆவது பிரிவெல்லாம் சொல்லிப் பார்த்தேன், கேட்கிற மனநிலையில் இல்லை. பையன் படிவத்தைக் கொடுத்து, ரசீதுக்குப் பதில் இரண்டாவது பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்கி வந்துவிட்டான். அதை வாங்காமல் வரக்கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தேன். குவாஷ் மனு கோர்ட்டில் பதிவாகி நேற்று நம்பர் கிடைத்துவிட்டது. அப்பா இன்னும் அவனோடு சரியாகப் பேசவில்லையாம், வக்காலத்து ஸ்டாம்புக்கு மட்டும் காசு கொடுத்து அனுப்பியிருக்கிறார்.